எல்லாம் இந்த போனால வந்ததா?

தூக்கம் வரவில்லை என்றாலும், நெஞ்சு படபடக்கிறது என்றாலும், பையன் யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்தாலும், மார்க் குறைந்தாலும், கழுத்து வலித்தாலும், நம்ம ஊர் வீடுகளில் தீர்ப்பு ஒன்றுதான்: எல்லாம் இந்த போனால வந்தது. சொல்லிவிட்டு அப்பா தன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார், அங்கே அபார்ட்மென்ட் குரூப்பில் தண்ணி லாரி பஞ்சாயத்து சூடாக ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தீர்ப்பு முழுப் பொய் இல்லை. ஆனால் விசாரிக்காமல் சொன்ன தீர்ப்பு. அதனால்தான் அதை வைத்து எடுக்கிற நடவடிக்கையும், அதாவது போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதும், பெரும்பாலும் இரண்டே நாளில் பிசுபிசுத்துப் போகிறது.

முதலில் இந்த ‘ஸ்க்ரீன் டைம்’ என்கிற கணக்கைப் பார்த்துவிடலாம். போனே வாரா வாரம் காட்டுகிறது, இந்த வாரம் தினமும் சராசரியாக இத்தனை மணி நேரம் என்று. பார்த்தவுடன் ஒரு குற்ற உணர்ச்சி வருகிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து பாரிமுனை போக மேப் பார்த்தது, நியூ ஜெர்சியில் இருக்கும் பேத்தியோடு வீடியோ காலில் கொஞ்சியது, சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பி நாள் முழுக்க ஆப்பைத் திறந்தே வைத்திருந்தது, ராத்திரி 1 மணிக்கு முன்னாள் காதலியின் பக்கத்தை அவளுக்குத் தெரியாமல் மேய்ந்தது, எல்லாம் அதில் ஒரே கணக்குதான். இதில் எது மனதைக் கெடுக்கிறது, எது ஆற்றுகிறது என்று அந்த எண் சொல்லாது.

ஆராய்ச்சிக்காரர்களும் இதே எண்ணை வைத்துக்கொண்டுதான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினார்கள். 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டிலும் மொத்தம் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசினார்கள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மனநலத்தில் இருக்கிற வித்தியாசத்தில், டிஜிட்டல் பயன்பாட்டை வைத்து விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். அதே தரவில் உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு எதிர்மறைத் தொடர்பு இருந்தது. உருளைக்கிழங்கை யாரும் பீரோவில் பூட்டுவதில்லை.

சரி, அப்போ போனால் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. அது சராசரிக் கணக்கு. பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்து, ஒருவருக்கு நன்மையும் ஒருவருக்குப் பெரிய கெடுதலும் நடந்தால், கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது எதுவுமே நடக்காத மாதிரிதான் தெரியும். அமெரிக்காவில் ஜோனதன் ஹைட் என்கிற உளவியலாளர் 2010-க்குப் பிறகு இளம் வயதினரின் மனநலம் சரிந்ததற்கு ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும்தான் முக்கியக் காரணம் என்று அடித்துப் பேசுகிறார். கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் போன்ற வேறு உளவியலாளர்கள், இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்கிறார்கள். ஆஸ்திரேலியா இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

காரணத்தையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளும் சில இருக்கின்றன. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சொல்லிப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலை கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான், ஆனால் உண்மையான முன்னேற்றம். 2004-ல் தொடங்கி ஃபேஸ்புக் ஒவ்வொரு அமெரிக்கக் கல்லூரிக்கும் வெவ்வேறு சமயத்தில் போய்ச் சேர்ந்ததை வைத்து இன்னொரு ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டார்கள். அது வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் மோசமானது, அதற்குப் பெரிய காரணம் மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வது என்று முடிவு வந்தது. பக்கத்து வீட்டு மார்க்கோடு ஒப்பிட்டே வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ‘எவ்வளவு’ என்றுதான் கேட்கிறது என்பது என் குறை. பதற்றம் என்று வரும்போது, போன் எவ்வளவு நேரம் கையில் இருந்தது என்பதைவிட, எதற்காகக் கைக்கு வந்தது என்பதுதான் முக்கியம்.

பதற்றத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் ‘தெரியாமல் இருப்பதைப் பொறுக்க முடியாமை’. ரிசல்ட் என்ன ஆகும், அவன் ஏன் இன்னும் வரவில்லை, மேனேஜர் அந்த மெயிலை எந்த அர்த்தத்தில் போட்டார், இந்தத் தலைவலி வெறும் தலைவலிதானா. பதில் தெரியாத அந்த இடைவெளியில்தான் மனசு கிடந்து துடிக்கிறது. அந்த இடைவெளியை உடனே மூடுவதற்கென்றே செய்த கருவி போன்.

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிற மகளையும் பெரம்பூர் வீட்டில் இருக்கிற அம்மாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்து கேப் ஏறிவிட்டேன் என்று 9.40-க்கு மகள் மெசேஜ் போடுகிறாள். 10 மணிக்கு அம்மா ‘எங்க இருக்க’ என்கிறார். ஒரு டிக். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக், ஆனால் நீலம் ஆகவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு தோசைக்கல்லைத் துடைக்கிறார், ஈரக்கையோடு திரும்ப எடுக்கிறார், ‘லாஸ்ட் சீன் 9.52’ என்று இருக்கிறது. 9.52-க்குப் பார்த்தவள் இப்போது ஏன் பார்க்கவில்லை? தூங்கியிருப்பாளா, கேப்பில் தூங்குவது நல்லதா? 10.12-க்கு டிக் நீலமாகிறது, ‘கத்திப்பாரா மா, செம ட்ராஃபிக்’ என்று பதில். அம்மாவுக்கு மூச்சு சீராகிறது. அந்த நிம்மதி உண்மையானது. நாளைக்கு அவர் 10 மணிவரைகூடப் பொறுக்க மாட்டார் என்பதும் உண்மை.

உளவியலில் இது பழைய பாடம்தான். ஒரு செயல் வேதனையைச் சட்டென்று குறைத்தால் மூளை அந்தச் செயலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்குச் சிகிச்சை தருகிற மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சரிபார்க்கும்போது நிம்மதி வருகிறது, கூடவே ‘சரிபார்த்ததால்தான் எதுவும் ஆகவில்லை’ என்று மனசு தப்பாகக் கற்றுக்கொள்கிறது. பார்க்காமல் இருந்திருந்தாலும் எதுவும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கொசுக்கடியைச் சொறிகிற கதைதான், சொறிகிற நேரம் சுகம், அரிப்பு மட்டும் ஆறுவதே இல்லை.

முன்பெல்லாம் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்காக வாசலில் நின்ற அம்மாக்கள் கவலைப்படவில்லையா என்றால், பட்டார்கள், ரொம்பவே பட்டார்கள். ஆனால் அந்தக் கவலையோடு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே தணிந்து, வேறு வேலையில் கவனம் போய்விடும். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கப்புறம் கவலைக்கு ஒரு பட்டன் கிடைத்துவிட்டது, தணிவதற்குள் அழுத்திவிடுகிறோம். லைவ் லொகேஷன் வந்த பிறகு இன்னும் மோசம், அந்தப் புள்ளி மேம்பாலத்தில் மூன்று நிமிடம் நகராமல் நின்றாலே வயிற்றைப் பிசைகிறது. ராத்திரியில் தனியாக வருகிற பெண்ணுக்கு அது பாதுகாப்பு இல்லையா என்று கேட்டால், பாதுகாப்புதான், நான் மறுக்கவில்லை. தேவைப்படும்போது பார்ப்பது வேறு, புள்ளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது வேறு.

இன்டர்வியூ முடித்துவிட்டு மெயிலை நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து இழுத்துப் பார்ப்பது, ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி எல்லா சேனலையும் மேய்வது, நெஞ்சில் சுருக்கென்றால் அறிகுறியை கூகுளில் தட்டி, வாயுத்தொல்லையில் தொடங்கி ஆறாவது பக்கத்தில் ஹார்ட் அட்டாக்கில் போய் நிற்பது, எல்லாமே இந்த ரகம்தான். தேடத் தேடப் பதில் வருகிறது, ஒவ்வொரு பதிலும் புதுசாக இரண்டு சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

கம்பெனிகளின் பங்கும் இதில் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பரிசு எப்போது விழும் என்று தெரியாமல் இருந்தால் விலங்கு விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டிவிட்டார். 2006-ல் ஏஸா ராஸ்கின் என்கிற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே ஓடுகிற பக்கத்தை வடிவமைத்தார், பிற்பாடு அதற்காக வருத்தமும் தெரிவித்தார். நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு வந்தது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை, ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே இறங்கிவிட்டது. பத்து நாள்கூட இடம் காலியாக இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் மாதச் சென்னையைப் பார்க்கலாம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த நிமிடத்திலிருந்து ஊரே போனும் கையுமாக இருக்கும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்த பயம். அதில் வானிலை அறிவிப்பைப் பார்ப்பதும், பிரதீப் ஜான் போன்றவர்கள் எழுதுவதைப் படிப்பதும் நல்ல விஷயம், அதை வைத்து வண்டியை மேட்டில் நிறுத்தலாம், பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வைக்கலாம். அதற்கப்புறம் தொடங்குகிறது இன்னொன்று. ‘செம்பரம்பாக்கம் உடைஞ்சிடுச்சாம்’, ‘இது நம்ம ஏரியாவாம்’, எந்த ஊர் எந்த வருஷம் என்று தெரியாத வீடியோ, கூடவே கைகூப்பும் எமோஜி. 2015-ல் ஈசிஆர் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் சுற்றியது, பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டியதாயிற்று. 2023-ல் பெருங்களத்தூர் பக்கம் ரோட்டை முதலை கடக்கிற வீடியோ வந்தது, இந்தத் தடவை அது நிஜமாகவே முதலை! பாதி பொய், பாதி மெய் என்று வருவதால்தான் எதையும் பார்க்காமல் விட முடிவதில்லை.

இதற்கு வெளிநாட்டு ஆய்வு ஒன்று நன்றாகப் பொருந்துகிறது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ குண்டுவெடிப்புச் செய்திகளையும் காட்சிகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. ஏற்கெனவே பதற்றப்படுகிறவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் என்று தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, ஆனால் பழைய மனநலப் பிரச்சினைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த முடிவைச் சொன்னார்கள். நேரில் பார்க்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் சம்பவம் முடிந்துவிடுகிறது, ஓடுகிறான், யாரையாவது தூக்குகிறான், வீடு போய்ச் சேருகிறான். திரையில் பார்க்கிறவனுக்கு அது திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கிறது. வேளச்சேரியில் மொட்டை மாடியில் நின்றவரைவிட, கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு வேளச்சேரி வீடியோவை விடிய விடியப் பார்த்த அக்காவுக்குப் படபடப்பு அதிகமாக இருந்திருந்தால் அதில் அதிசயம் இல்லை.

அடுத்தது தூக்கம். இங்கே எல்லோரும் நீல ஒளியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், அதற்கென்று கண்ணாடி விற்கிறார்கள், போனில் மஞ்சள் கலர் மோடு வேறு. 2015-ல் வந்த ஒரு சோதனையில் தூங்கும் முன் நான்கு மணி நேரம் மின்திரையில் புத்தகம் படிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் படித்ததைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம்தான் அதிகம் ஆனது. ஆக, வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் ராத்திரி 2 மணிவரை விழித்திருப்பதற்கு வெளிச்சம் காரணமில்லை. ‘இன்னும் ஒரு ரீல்’ காரணம், 10.30-க்கு வந்த ஆபீஸ் மெசேஜ் காரணம். இங்கிலாந்தில் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி சமூக ஊடகம் பார்ப்பதற்கும் பெண் பிள்ளைகளின் மன உளைச்சலுக்கும் இருக்கிற தொடர்பில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தை மூன்றே விஷயங்களால் விளக்க முடிந்தது என்றது: தூக்கம் குறைவது, இணையத்தில் சீண்டப்படுவது, உடலசைவு இல்லாமல் போவது. பையன்களிடம் அது 12 சதவீதம்தான், அவர்கள் கதை வேறு. எப்படிப் பார்த்தாலும் தூக்கத்தைக் காப்பாற்றினாலே பாதி வேலை முடியும் போலிருக்கிறது.

ஆனால் சென்னையில் அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது போன் வைத்திருப்பவர் மட்டும்தானா? ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள். அமெரிக்காவில் விடிகிற நேரம் இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், ‘க்விக் கால்?’ என்று டீம்ஸில் ஒரு வரி வந்து விழும், அந்த இரண்டு வார்த்தைக்குள் அப்ரைசல் முழுக்க உட்கார்ந்திருக்கும். என் வீட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி 9.30-க்கு ‘நாளை சார்ட் பேப்பர், பச்சை கலர், கட்டாயம்’ என்று வரும், அந்த நேரத்தில் எந்த ஸ்டேஷனரி கடை திறந்திருக்கும் என்று ஏரியா அம்மாக்கள் எல்லோரும் பதறுவார்கள். இவர்களிடம் போய் ‘நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க, மனசு லேசாகும்’ என்று சொல்வது கொஞ்சம் அநியாயம். ரேட்டிங் விழுந்தால் ஆர்டர் குறையுமோ என்று ஆப்பையே பார்த்துக்கொண்டு சிக்னலில் நிற்கிற டெலிவரி பையனிடம் சொல்வது அதைவிட அநியாயம்.

ஆன்லைன் ரம்மியைத் தனியாகத்தான் பேச வேண்டும், அங்கே போன் பதற்றத்தைத் தருவதோடு நிற்பதில்லை, கடனையும் தருகிறது. தற்கொலைகள் வரை போன பிறகுதான் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025-ல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை நிறுத்தச் சொல்லின, சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஜூனில் அதை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டில் ஒன்றிய அரசு பண ஆட்டங்களுக்கே தடைச் சட்டம் போட்டுவிட்டது. அந்த 12 முதல் 5 என்கிற விதி எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கு எந்த நேரத்தில் புத்தி தளர்ந்திருக்கும் என்று யாரோ யோசித்து எழுதிய விதி அது.

சரி, என்னதான் செய்வது? ஒரேயடியாகப் பிடுங்குவது உதவாது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2019-ல் வெளியான ஒரு சோதனையில் சிலருக்கு நோட்டிஃபிகேஷன்கள் வழக்கம்போல வந்தன, சிலருக்கு நாளுக்கு மூன்று தடவை மட்டும் மொத்தமாக வந்தன, சிலருக்கு வரவே இல்லை. மூன்று தடவைக்காரர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள். ஒன்றுமே வராதவர்களுக்குப் பதற்றம் கூடியது, ‘எதையோ தவறவிடுகிறோம்’ என்கிற தவிப்பு. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களில் ஒரு பகுதியினரை மூன்று வாரம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒவ்வொன்றும் தினம் 10 நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னார்கள். அவர்களுக்குத் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது மற்ற குழு: எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், எவ்வளவு பார்க்கிறோம் என்று கவனித்து மட்டும் வந்தவர்களுக்கும் பதற்றம் குறைந்திருந்தது.

அதனால் நான் சொல்வேன், மணிக்கணக்கை விடுங்கள், சரிபார்ப்பதைப் பிடியுங்கள். கை போனுக்குப் போகும்போது ‘இப்போ எதைத் தெரிஞ்சுக்கப் பார்க்கிறேன்’ என்று கேட்டு, பத்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பார்ப்பது. முதல் சில நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும், அந்த எரிச்சல் தானாக இறங்குவதைப் பார்ப்பதுதான் இதில் விஷயமே. அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரலாம்: வண்டி ஏறினதும் ஒன்று, கேட்டில் இறங்கினதும் ஒன்று, 10.45-ஐத் தாண்டினால் மெசேஜ் இல்லை, நேராகப் போன் கால். லாஸ்ட் சீனை வீட்டில் எல்லோரும் மறைத்துவிடலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டு, இல்லையென்றால் அதுவே ஒரு சண்டை ஆகும். புயல் நாளில் காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அறிவிப்பைப் பார்த்துவிட்டு குடும்ப குரூப்பை மியூட்டில் போடலாம். ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், எழுப்ப ஒரு பழைய அலாரம் கடிகாரம் போதும். இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான், பிள்ளைக்கு மட்டும் விதி போட்டால் எந்தப் பிள்ளையும் மதிக்காது.

இதையெல்லாம் தாண்டியும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலைக்கோ ஸ்கூலுக்கோ போக முடியவில்லை, காரணமே இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்றால், போனைத் திட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங்’ கோளாறு இருக்கிறது, ‘போன் அடிமைத்தனம்’ என்று ஒரு நோய் இல்லை. ஆகவே மருத்துவர் முதலில் தேடுவது போனுக்குப் பின்னால் பதற்ற நோயோ மனச்சோர்வோ ஒளிந்திருக்கிறதா என்பதைத்தான். பெங்களூரில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-லிருந்து இருக்கிறது, நாம்தான் அதன் பேரை வைத்துக் கிண்டல் பண்ணியே அந்தப் பக்கம் போகக் கூச்சப்படுகிறோம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கஷ்டப்படுகிறவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, அவரைப் பற்றிக் கவலைப்படுகிற அம்மாவோ நண்பனோகூட அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.